யானை வகையறா

"நெக்ஸ்ட்" என்றாள் பெனிட்டா. கருத்தரங்க மேடைக்குக் கீழே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாளின் விரல் தானாகவே அம்புக்குறி விசையை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் முதல் ஸ்லைடை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. ஒருவேளை தன் பேர் கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கும், ஒருவேளை ஹெச்.ஓ.டி மேடத்தின் பேருக்கும் கல்லூரி முத்திரைக்கும் நடுவில் எங்காவது. முந்தாநாள் சாயங்காலம் ஹாஸ்டலில் இதே லேப்டாப்பில் பார்த்தபோது இரண்டு பேர்கள் இருந்தன, ஒன்றின் கீழ் ஒன்றாக, ம. இசக்கியம்மாள், பெனிட்டா ஜாய்ஸ். அவளுடையதுதான் மேலே. அப்படித்தான் இருக்கணும் என்று பிடிவாதம் பிடித்ததே பெனிட்டாதான், "கண்டுபிடிச்சது நீ, நான் வாசிக்கிறவ, அவ்வளவுதாம்ட்டி" என்று. இப்போது பார்த்தது கண்ணில் அப்படியே நின்றது, பெனிட்டா ஜாய்ஸ், இரண்டாம் ஆண்டு எம்.எஸ்சி, அதன் கீழ் வழிகாட்டி என்று போட்டு மேடம். வேறு யாரும் இல்லை. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி வாளியில் விழும் சத்தம் கேட்டது. பின்வரிசைப் பக்கமிருந்து உளுந்த வடை வாசனை, பதினோரு மணி டீக்கு இப்போதே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் போல. கடைசியில் சொல்வாளாக இருக்கும். நல்ல விஷயத்தைக் கடைசிக்கு வைப்பது அவள் வழக்கம், மெஸ்ஸில் அப்பளத்தைக்கூடக் கடைசியில்தான் தின்பாள். மேடம் பார்த்துவிட்டு ஒரு பேர் போதும் என்று சொல்லியிருக்கலாம், பெனிட்டாவுக்கு எதிர்த்துப் பேச முடியாமல் போயிருக்கலாம், ஆனால் பெனிட்டாவுக்கு யாரிடம்தான் பேச முடியாது, தண்ணீர் வரவில்லை என்று பிரின்சிபால் அறைக்கே போனவள். போகிற வழியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. காலையில் இரண்டு பேரும் ஒரே கண்ணாடியில்தானே தலை சீவினோம். என் முதுகுக்குப் பின்னால் நின்று துப்பட்டாவுக்கு ஊக்கு மாட்டிவிட்டாளே, அப்போது சொல்லியிருக்கலாமே.

"மியூசியத்தில் முயல் என்று எழுதி வைக்கப்பட்டிருந்த இந்த மண்டையோட்டை நான் முதன்முதலில் பார்த்தபோது" என்று பெனிட்டா மைக்கில் சொன்னாள். நான் என்றாள். இசக்கிக்குத் தன் காதையே சந்தேகமாக இருந்தது. நாங்கள் என்று வந்திருக்க வேண்டும், பதற்றத்தில் நான் என்று வந்திருக்கும். ஆனால் பெனிட்டாவுக்குப் பதற்றம் கிடையாது. மேடையில் அவள் நிற்பது வீட்டு அடுப்படியில் நிற்கிற மாதிரி இருந்தது, ஒரு காலை லேசாக மடக்கி. திரையில் அந்த ஓடு இருந்த இழுப்பறையின் படம். இசக்கி எடுத்த படம்தான், ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் நகம்கூடத் தெரிந்தது, பாதி உரிந்த மருதாணியோடு. அந்த மியூசியம் அறையில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். அட்டெண்டர் சுடலைமுத்து அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார், அந்த அரைமணி நேரம் முழுக்க அவளுடையது, யாரும் பேசச் சொல்லாத அரைமணி நேரம். முயல் என்று மசியில் எழுதிய அட்டை, பழைய பதிவேட்டில் ஏடன் துறைமுகத்தில் வேலை பார்த்த முன்னாள் மாணவர் யாரோ அனுப்பியது என்று ஒரு வரி. எழுபது வருஷமாக எத்தனை பேட்ச் பிள்ளைகள் அதைப் பார்த்து முயல் என்று ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கிப் போயிருப்பார்கள். அவளும் முதலாண்டில் வரைந்தவள்தான். ஆனால் வரையும்போதே கை இடறியது. முயலுக்கு மேல்வரிசை முன்பல்லுக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி இன்னொரு குட்டி ஜோடி இருக்க வேண்டும், இதற்கு இல்லை. முயலுக்கு மூக்குப் பக்கத்து எலும்பு சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், இது மொழுமொழு என்று இருந்தது. மேலே இரண்டே இரண்டு பல், நடுவில் இடைவெளி விட்டு, வளைந்து, கூராக, குறுக்கே முக்கோணம் மாதிரி. கன்னப் பக்கத்துப் பற்களோ ஏதோ காண்டாமிருகத்தின் பல்லைச் சின்னதாக்கி வைத்த மாதிரி. கேட்டுவிடலாம் என்று ஒரு வருஷம் நினைத்தாள். கேட்கவில்லை. வகுப்பில் கையைத் தூக்க நினைத்தாலே அக்குளில் வேர்த்துவிடும் அவளுக்கு. அப்புறம் போன ஆகஸ்டில், தானாகவே, மண்டையோட்டைக் கையில் எடுத்துத் திருப்பியபோது

திருப்பியபோது என்ன ஆனது என்பதை நினைக்காமல் தாண்டிப் போவதற்கு அவள் பழகியிருந்தாள். இப்போதும் தாண்டினாள். "நெக்ஸ்ட்." அழுத்தினாள்.

ஒரு பாறை, அதன் மேல் வெயில் காய்கிற ஏழெட்டுப் பிராணிகள், பழுப்பாக, வாலில்லாமல், குண்டாக, பெருச்சாளியும் முயலும் கலந்து செய்த மாதிரி. அரங்கில் பிள்ளைகள் "அய்யோ" என்று கொஞ்சினார்கள். "இதன் பெயர் ஹைராக்ஸ். தமிழில் குழிமுசல் என்று சொல்வதுண்டு" என்றாள் பெனிட்டா. அந்த ஒரு சொல் மட்டும் அவளுடையது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது இசக்கி தயங்கித் தயங்கி முதல்முதலாக அவளிடம் சொன்னாள், அது முயல் இல்லை, நூலகத்தில் நாலு புத்தகம் பார்த்துவிட்டேன், அது ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் பாறையில் இருக்கிற ஒன்று, பார்க்க எலி மாதிரி, ஆனால் எலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இன்றைக்கு உயிரோடு இருக்கிறதில் அதற்கு நெருங்கின சொந்தம் யானை, அப்புறம் கடலில் இருக்கிற ஆவுளியா என்கிற கடற்பசு. பெனிட்டா ஈரப் பாவாடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "யானையா? எலிக்குஞ்சு மாதிரி இருந்துட்டு யானைக்குச் சொந்தம்னு சொன்னா யானை ஒத்துக்கிடுமாட்டி?" என்று சிரித்தாள். பிறகு, "ஏட்டி, இது குழிமுசல்லா, சண்டே கிளாஸ்ல பைபிள் வாசிக்கையில கேட்டிருக்கேன்" என்றாள். இசக்கி அன்றைக்குப் பேசியது போல் வாழ்நாளில் பேசியதில்லை. முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் மூன்று, நகமெல்லாம் யானைக்கு இருக்கிற மாதிரி தட்டை, ஒரே ஒரு விரலில் மட்டும் ரோமம் கோத வளைந்த நகம். குட்டி வயிற்றில் ஏழு எட்டு மாசம் இருக்கும், அந்த உடம்புக்கு அது எத்தனை பெரிய கணக்கு. யானையின் தந்தம் கோரைப்பல் இல்லை, முன்பல்தான், இதற்கும் அப்படித்தான். ஆணுக்கு யானை மாதிரியே எல்லாம் உடம்புக்கு உள்ளேயே இருக்கும் என்று சொல்ல வந்து சொல்ல முடியாமல் விழித்தபோது பெனிட்டா புரிந்துகொண்டு கொடிக்கயிறு ஆட ஆடச் சிரித்தாள். "எல்லாத்தையும் உள்ளயே வச்சிருக்குமா! அப்ப ஒன் வகையறாதாம்ட்டி அது, ஒண்ணையும் வெளிய காட்டாது." அதைக் கேட்டு இசக்கிக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் அப்பா கேட்கும் முதல் கேள்வியே எந்த வகையறா என்பதுதான். முகஜாடையை வைத்து அவரே ஊகிப்பார், முக்கால்வாசி தப்பாகத்தான் இருக்கும். அந்த ஓடும் அவளும் ஒரே வகையறா. தப்பான வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள். அதைப் பெனிட்டா சொன்னாள், அதைச் சொல்ல ஒருத்தி இருந்தாள்.

இப்போது அரங்கு சிரித்தது. பெனிட்டா யானை ஒத்துக்கொள்ளுமா என்ற அதே வேடிக்கையைச் சொல்லியிருந்தாள். முன்வரிசையில் சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டர் குலசேகரனும் சிரித்தார். பறவைகளைப் பற்றி ஆராய்கிறவர் அவர், சட்டைப் பையில் நாலு பேனா, அதில் ஒன்று மூடியில்லாமல். இந்த மாவட்டக் கருத்தரங்கில் நல்ல கட்டுரை எதுவோ அதைப் படித்தவரைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வருஷம் உதவியாளராக எடுத்துக்கொள்கிறேன் என்று காலையில் தொடக்க விழாவிலேயே சொல்லிவிட்டார். இசக்கிக்கு அது போன மாசமே தெரியும், நோட்டீஸ் போர்டில் பார்த்துப் பெனிட்டாவைக் கூட்டிப்போய்க் காட்டியவளே அவள்தான். பரீட்சை முடிந்தால் சுரண்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளைக்கு டைல்ஸ் கடை. ஒரு வேலை என்று கையில் காகிதம் இருந்தால் ஒரு வருஷம் தள்ளிப்போடலாம், அம்மா அப்படித்தான் காதோடு சொன்னாள், "ஏதாவது ஒரு பேப்பரக் கொண்டாடி, நான் உங்கப்பாவைச் சமாளிச்சுக்கிடுதேன்." இதையும் பெனிட்டாவிடம் சொல்லியிருந்தாள். எதைத்தான் சொல்லவில்லை. "ஆனா எனக்கு மேடையேறினா நாக்கு ஒட்டிக்கிடும்லா" என்றதற்கு, "நான் வாசிக்கேன், சார்கிட்ட ஒன்ன முன்னால நிறுத்தி இவதான் சார்னு சொல்லிருதேன், ஒனக்கு எதுக்குப் பயம்" என்றாள். ஏன் நம்பினாய் என்று யாராவது கேட்டால் அந்தத் தண்ணீர் பாட்டிலைத்தான் சொல்லவேண்டும். முதலாண்டில் மண்புழுவைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொல்லி மேடம் எழுப்பிவிட்டபோது இசக்கி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது, நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கரும்பலகைத் துடைப்பானை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்போது இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து ஒன்றும் சொல்லாமல் நீலப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அதுவரை அவர்கள் பேசியதுகூட இல்லை. குடித்தாள், பேசினாள், எதையோ. அந்தப் பாட்டில் இப்போதும் மேடையில் பெனிட்டாவின் காகிதங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அதே பாட்டில், மூடி மட்டும் மாறியிருந்தது. பாறையில் குழிமுசல்கள் கூட்டமாக வெயில் காயும்போது ஒன்று மட்டும் உயரமான கல்லில் ஏறிக் காவல் நிற்கும், கழுகின் நிழல் தெரிந்தால் கத்தும், மற்றதெல்லாம் பிளவுக்குள் ஓடிவிடும் என்று படித்திருந்தாள். காவல் நிற்பது கத்தவில்லை என்றால் மற்றவை என்ன செய்யும்? அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு காலத்தில் இவை மாட்டுப் பருமனுக்குக்கூட இருந்தனவாம், சமவெளியில் மேய்ந்தனவாம், பிறகு மானும் மாடும் வந்து புல்லையெல்லாம் எடுத்துக்கொண்டதும் மிஞ்சியவை பாறை இடுக்குக்குப் போய்விட்டன. சண்டை போட்டதாகத் தெரியவில்லை. போய்விட்டன, அவ்வளவுதான்.

"நெக்ஸ்ட்" என்றாள் பெனிட்டா. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை, திரும்பிப் பார்க்காமலே, "நெக்ஸ்ட்."

இசக்கியின் பென்சில் படம் திரையை நிறைத்தது. ஓட்டின் முன்பக்கம், அந்த இரண்டு பற்கள் மட்டும் பெரிதாக, அவள் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தது. இடக்கைக்காரி என்பதால் அவளுடைய நிழற்கோடுகள் எதிர்ப்பக்கமாகச் சரிந்திருக்கும், லேபில் யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். கையெழுத்துப் போடும் மேடத்துக்குமா தெரியாது? மேடம் முன்வரிசையில் உட்கார்ந்து நிதானமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "இங்கேதான் நான் முக்கியமான ஒரு விஷயத்தைக் கவனித்தேன்" என்றாள் பெனிட்டா. அவள் குரல் இறங்கியது, ரகசியம் சொல்கிற குரல், அது இசக்கிக்குப் பழக்கமான குரல். "வழக்கமாக இந்தப் பற்களின் தேய்ந்த முகம் எந்தப் பக்கம் இருக்குமோ, அதற்கு நேர்மாறாக இந்த மண்டையோட்டில் இருக்கிறது. வளைவும் அப்படியே. நான் பார்த்த எந்தப் படத்திலும் இப்படி இல்லை. இது இதுவரை விவரிக்கப்படாத ஒரு வகையாகக்கூட இருக்கலாம்." குலசேகரன் நாற்காலியில் நிமிர்ந்தார். இசக்கிக்கு வாளியில் சொட்டும் சத்தம் மட்டும் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. இல்லை. அய்யோ, அது இல்லை. தாண்டித் தாண்டி வந்த இடத்துக்கு இனித் தாண்ட வழியில்லாமல் வந்து நின்றாள். ஓட்டைத் திருப்பியபோது இரண்டு பற்களும் கழன்று உள்ளங்கையில் விழுந்தன. ஒன்று உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. முட்டி போட்டுத் தேடி எடுத்தாள். சுடலைமுத்து அண்ணன் வருவதற்குள் என்று ஒரே நினைப்புதான், மியூசியப் பொருளைச் சேதம் செய்தால் சாவியே கிடையாது என்று மேடம் சொன்னது நினைவில் இருந்தது. பையில் செருப்பு ஒட்டுவதற்கு வாங்கிய பசைக்குழாய் இருந்தது. ஒன்றை நுழைத்தாள், போயிற்று. மற்றது பாதியில் நின்றது. திருகினாள், ஆடியது, துப்பட்டா ஓரத்தில் வரிசையாகத் தொங்கிய மஞ்சள் நூல்களில் ஒன்றைப் பிய்த்துச் சுருட்டி அடியில் வைத்து அழுத்தினாள், நின்றுவிட்டது. அண்ணன் வந்து, "என்னம்மா, முயல் ஓடிப்போச்சா?" என்று கேட்டபோது சிரிக்கக்கூடச் செய்தாள். இரண்டு வாரம் கழித்து நூலகத்தில் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வலது இடதாகவும் இடது வலதாகவும் இருக்கிறது என்று. பசை கல்லாகிவிட்டது. பார்ப்பதை அப்படியே வரைய வேண்டும் என்பதுதான் லேபில் சட்டம், அவள் பார்த்ததை அப்படியே வரைந்தாள். ஏன் அப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை. நோட்டில் எழுதவில்லை, மேடத்திடம் சொல்லவில்லை, பெனிட்டாவிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், இதை மட்டும் வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். கட்டுரையில் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் எழுதித் தந்தாள். பெனிட்டா நோட்டையே எடுத்துப் புரட்டியிருக்கிறாள். எப்போது? குளிக்கப் போனபோதா, ஊருக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையா?

"இது உண்மையாயிருந்தா பெரிய விஷயம்மா" என்று குலசேகரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "பல் எனக்கு அத்துப்படி இல்ல, நான் பறவைக்காரன். ஆனா இத உடனே எழுதி அனுப்பணும். நானே கூட உக்காந்து எழுதித் தாரேன்." கை தட்டினார்கள். இருக்கட்டும், என்று இசக்கி நினைத்தாள். அப்படி நினைத்ததில் ஒரு குளிர்ச்சி இருந்தது, வெயிலில் நடந்து வந்து சிமென்ட் தரையில் கால் வைத்த மாதிரி. இருக்கட்டும். எழுதட்டும். அச்சில் வரட்டும். பெனிட்டா பேர் மட்டும் இருக்கட்டும், கொட்டை எழுத்தில். எங்கோ ஒரு தேசத்தில் இந்தப் பல்லையே பார்த்துப் பிழைக்கிற யாராவது ஒருவர் ஓட்டை வாங்கிப் பார்த்து, இது யார் ஒட்டியது என்று கேட்கட்டும். அன்றைக்கு யார் பாட்டிலை நீட்டுவார்கள் என்று பார்ப்போம். நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, வழக்கம்போல் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது இவ்வளவு கூராக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. நினைத்துக்கொண்டே மேடை மேசையைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டின் மேல் அந்த ஓடு இருந்தது, கை அகலம்கூட இல்லாதது. எங்கோ ஒரு கல்லில் வெயில் காய்ந்தது, கப்பலேறி வந்தது, எழுபது வருஷம் முயலாக இருந்தது. அவளால்தான் அது யானை வகையறாவுக்குத் திரும்பிப் போனது. இப்போது மறுபடியும் இல்லாத ஒன்றாகப் போகிறது, அதுவும் அவள் ஒட்டிய பல்லால். பெனிட்டா எடுத்துக்கொண்டது பேரை. பல்லை மாற்றியது பெனிட்டா இல்லை.

கடைசி ஸ்லைடு வந்தது. நன்றி என்று பூ வைத்த எழுத்தில். கடவுளுக்கு, பெற்றோருக்கு, மேடத்துக்கு, அட்டெண்டர் சுடலைமுத்துவுக்கு. அதற்கும் கீழே, கடைசி வரியில், அவள் பேர் இருந்தது. இசக்கியம்மாள், தட்டச்சு உதவி. அவள் அதை இரண்டு முறை படித்தாள். முழுக்க இல்லாமலே போயிருந்தால் மறந்துவிட்டாள் என்று கொள்ளலாம். மறக்கவில்லை. யோசித்து, இடம் பார்த்து, இவ்வளவு போதும் என்று அளந்து வைத்திருக்கிறாள். பெனிட்டா அப்போது முதல்முறையாக அவள் பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கிச் சின்னதாக ஒரு சிரிப்புச் சிரித்தாள். அறைக்கு வா, சொல்கிறேன் என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு எத்தனை முறை சரி என்று தலையாட்டியிருக்கிறாள். "கேள்வி ஏதும் உண்டா?" என்று மேடம் மைக்கில் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை, வடை வாசனை எல்லோரையும் பின்பக்கம் திருப்பியிருந்தது. "சரி, அப்படின்னா" என்று மேடம் எழுந்தார்.

இசக்கியின் விரல் விசையில் இருந்தது. பின்னோக்கிய அம்புக்குறியை அழுத்தினாள். நன்றி போனது. இன்னொரு முறை அழுத்தினாள், இன்னொரு முறை, பற்கள் இரண்டும் திரையில் திரும்ப வந்து நின்றன. "ஏட்டி, என்ன பண்ணுத" என்று பெனிட்டா மைக்குக்கு எட்டாத குரலில் கேட்டாள். இசக்கி எழுந்து நின்றாள். நாற்காலி கிறீச்சிட்டது. முன்வரிசை முழுக்கத் திரும்பியது, பின்வரிசையும் திரும்பியது. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அதே காற்று.

"என்னம்மா?" என்றார் குலசேகரன். "நீங்க தட்டச்சு பண்ணின பொண்ணா?"

பெனிட்டாவின் கை, பழக்கத்தில், அந்த நீலப் பாட்டிலை நோக்கிப் போனது. எடுத்தும்விட்டது. நீட்டப் பார்த்து, எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்த மாதிரி பாதியில் நின்றது. இசக்கி அதைப் பார்த்தாள். எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"இல்ல சார்" என்றாள். குரல் வந்தது. "அந்த மண்டையோட்ட எடுத்துப் பாத்தது நான். படம் நான் வரைஞ்சது. அந்தப் பல்லு ரெண்டும் என் கையிலதான் கழண்டு விழுந்துச்சு சார். யாருட்டயும் சொல்லாம அவசரத்துல ஒட்டினேன். வலது இடது மாறிப்போச்சு. அது புது வகை ஒண்ணும் இல்ல."

"இசக்கியம்மா!" என்றார் மேடம். "மியூசியச் சாமான நீ"

"ஆமா மேடம். தப்புதான்."

"அவளுக்கு உடம்பு சரியில்ல சார்" என்றாள் பெனிட்டா மைக்கில், சிரித்துக்கொண்டே. "நேத்துலருந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்கா. ஓட்ட நானும் எத்தன நாளு கையில வச்சுப் பாத்திருக்கேன்."

குலசேகரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ஒட்டினதுதான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார், கோபமில்லாமல்.

"திரையில பாக்கையில வலப்பக்கம் இருக்கிற பல்லு சார். சரியா நுழையல. அடியில நூலு வச்சு அழுத்தியிருக்கேன். மஞ்ச நூலு."

அவர் மேடைப்படி ஏறிப் போனார். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி வைத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூடியில்லாத பேனாவின் முனையால் அந்தப் பல்லின் அடியை மெதுவாக நெம்பினார். அரங்கில் பாதிப் பேர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். பெனிட்டா மட்டும் ஓட்டைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பிடித்தபடியே, காலையில் தான் ஊக்கு மாட்டிவிட்ட இசக்கியின் மஞ்சள் துப்பட்டாவை, அதன் ஓரத்தில் ஒரே ஒரு நூல் மட்டும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.